பூசைக்குப் போட்ட எண்ணெய்

வெயில் ஏறுவதற்குள் உப்பைத் துடைத்துவிட வேண்டும். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி நின்றாலும், ராத்திரியெல்லாம் வீசுகிற காற்று வண்டிகளின் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு பூசிவிட்டுப் போயிருக்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அஞ்சலாட்சி பழைய வேட்டியை இரண்டாகக் கிழித்து வைத்திருந்தாள். நனைத்துப் பிழிந்த துணி வண்டியின் உடம்புக்கு. காய்ந்த துணி பேட்டரி சொருகுகிற இடத்துக்கு. அந்த இடத்தில் ஈரம் உட்கார்ந்தால் பித்தளையில் பச்சை பூத்துவிடும். அப்புறம் வாடகைக்கு எடுத்தவன் பிள்ளைச்சாவடி மணலில் நின்றுகொண்டு போன் போடுவான். இவள் மாற்றுப் பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். ஆரம்பத்தில் நாலைந்து தரம் அப்படிப் போய்க் கற்றுக்கொண்டதுதான் இந்தத் துணிக் கணக்கு.

துடைத்து முடித்ததும் ஒவ்வொரு வண்டியிலும் தானே ஏறித் தெருமுனை வரை போவாள். முனையில் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடிப்பாள். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றால்தான் அந்த வண்டிக்கு அன்றைக்கு வேலை. நாற்பத்தாறு வயசுப் பொம்பளை, புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, சத்தமே போடாத வண்டியில் எட்டுத் தரம் போய் எட்டுத் தரம் வருவது அந்தத் தெருவுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பால்காரர் தினமும் ஒரு கேள்வி வைத்திருப்பார்.

"என்னாக்கா, காலையிலயே ரோந்தா?"

"ஆமாம்பா. பால்ல தண்ணி ஊத்துறவன் எவனாச்சும் மாட்டுறானான்னு பாக்குறேன்."

வண்டி யோசனை மகள் கார்குழலியுடையது. சேதராப்பட்டில் மின்சார வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற நிறுவனம் ஒன்று, ஓடிக் களைத்த வண்டிகளைக் கழித்துக்கட்டுகிறது என்று அங்கேதான் காதில் விழுந்திருக்கிறது. வேகமாகப் போகாத வகை. நம்பர் பிளேட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு இந்த நான்கு தெருவையும் கடற்கரையையும் பார்க்க இது போதும் என்றாள். அவள் கல்யாணத்துக்கென்று அஞ்சலாட்சி எடுத்து வைத்திருந்த நகை, மகளிர் குழுக் கடனோடு சேர்ந்து எட்டு வண்டியானது. கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், என் நகை எல்லாம் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று கார்குழலியே சொல்லிச் சிரித்தாள்.

வண்டிகள் நின்றது தணிகாசலம் வீட்டுக் காம்பவுண்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கிக்கொண்டு வந்தவர் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். அப்பா காலத்து வீட்டுக்கு மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, அறை அறையாகப் பிரித்து, தங்குகிறவர்களுக்கு விட்டிருந்தார். காம்பவுண்டு மூலையில் அஞ்சலாட்சிக்கு ஒரு தகரக் கொட்டகை. கேட்டை ஒட்டித் தெருவைப் பார்த்த கேட்டறை காலியாகக் கிடந்தது. அந்த அறை கையில் வந்துவிட்டால் போகிறவர் வருகிறவர் கண்ணில் எல்லாம் வண்டி படும். சார்ஜ் போடத் தனியாக மின்சார லைன் இழுக்கலாம். மழைக்கு நனையாது. அந்த அறையைத்தான் சென்னைக் கம்பெனி ஒன்றும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களிடம் புது வண்டிகள் இருந்தன. போனில் தட்டினால் பூட்டுத் திறக்கும்.

சொல்தா ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. ஆயுத பூசையோடு சேர்ந்து மூன்று நாள் லீவு வருகிறது, வீடு முழுக்க ஆள், எல்லோரும் வண்டி கேட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், இந்த மூன்று நாளைப் புகார் இல்லாமல் நடத்திக் காட்டு, கேட்டறை உனக்கு, இல்லையென்றால் நான் கம்பெனிக்காரனுக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அஞ்சலாட்சி அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பாள். எந்தச் சுவரில் எந்தப் பேட்டரி மாட்டுவது என்றுகூட முடிவு பண்ணி வைத்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரன் கன்னியப்பனுக்கு இந்த வண்டிகள் மேல் மதிப்பில்லை. அவன் மில்லில் ஆயிலர். நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு, ஓடுகிற மிஷினுக்கு நடுவில் கையை விட்டு எண்ணெய் விடுகிற வேலை. மிஷின் போடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பல்லு காய்ந்து கிடக்கிறது என்று சொல்லுவான். மில் மூடினபோது ஒரு பிரிவு உபசாரம் கூட இல்லை. ஒரு நாள் கேட் பூட்டியிருந்தது, அவ்வளவுதான். அப்புறம் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று ஒரு நாள் வந்து சொன்னான். மறுநாள் போகவில்லை. கொட்டகைக்கு வந்து உட்காருவான். வருகிறவர்களுக்கு ஹெல்மெட் எடுத்துக் கொடுப்பான். வண்டியைத் தொட மாட்டான். எண்ணெயே குடிக்காத வண்டி என்ன வண்டி, அதுவும் ஒரு சத்தம் போடாமல் பூனை மாதிரிப் போகிறது என்பான்.

பூசைக்கு முதல் நாள்தான் அவன் வாயிலிருந்து வேறு பேச்சு வந்தது. மத்தியானம் சோறு தின்று கை கழுவிவிட்டு, எட்டு வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"பூச போடணும்னா இப்பிடியே போட்டுருவியா அஞ்சல? மூஞ்சி கழுவாத புள்ளய கோயிலுக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

"நீதான் வந்து கழுவி உடேன். யாரு வேணாம்னது?"

"நீ மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

அவள் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பெரிய மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. பொரி மூட்டையும் பூசணிக்காய்க் குவியலும் வாழைக்கன்றுக் கட்டுமாக வீதி வரை வழிந்து கிடந்தது. நல்ல காயாக, தட்டினால் கனத்த சத்தம் வருகிற பூசணியாகப் பொறுக்கினாள். சாமந்தி வாங்கும்போது பேரம் பேசவில்லை. பூக்காரி சந்தேகமாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கொட்டகையில் குண்டு பல்பு எரிய, எட்டு வண்டியும் எட்டுக் குத்துவிளக்கு மாதிரி நின்றன. கம்பி, ஸ்டாண்டு, சக்கரத்து மூடி, எல்லாவற்றிலும் பல்பு தெரிந்தது. கன்னியப்பன் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, விரல் நகத்தில் ஏறின கறுப்பை ஈர்க்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்த நீள மூக்குக் குப்பி. பரணிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். மில்லில் பூசைக்கு முதல் நாள் மிஷினை நிறுத்தி, பஞ்சை ஊதி, அக்கக்காகத் துடைத்து மினுக்குவார்களாம். சூப்பர்வைசர் வந்து பார்த்து, எந்த செக்‌ஷன் பளிச்சென்று இருக்கிறதோ அங்கேதான் முதல் தேங்காய் உடைப்பாராம். தன் செக்‌ஷனுக்குத்தான் பெரும்பாலும் என்றான். இதை அவன் பல தரம் சொல்லியிருக்கிறான். அன்றைக்குச் சொன்னபோது குரல் வேறாக இருந்தது. அஞ்சலாட்சி அவன் தட்டில் வடையை எடுத்து வைத்துக்கொண்டே அந்தக் குரலைத்தான் கேட்டாளே தவிர, குப்பியைப் பற்றி யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் காம்பவுண்டுக்கு வந்துவிட்டார்கள். பூசை பார்த்த மாதிரியும் ஆயிற்று, வண்டி எடுத்துக்கொண்ட மாதிரியும் ஆயிற்று என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கார்குழலிக்குக் கம்பெனியில் பூசை, மத்தியானம்தான் வருவாள். வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சொல்தா தேங்காயை ஒரே அடியில் உடைத்தார். கன்னியப்பன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி, சூடத் தட்டை எட்டு வண்டிக்கும் காட்டினான். மதாம், அதாவது சொல்தாவின் வீட்டுக்காரி, இவர் இவ்வளவு லட்சணமாக இருப்பாரா என்று அஞ்சலாட்சி காதில் சொன்னாள். அஞ்சலாட்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதல் வண்டி ஈரோட்டுக்காரர் ஒருவருக்கு. ஆறு வயசுப் பெண் ஒன்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தலைக்குப் பெரிசான ஹெல்மெட்டோடு தயாராக நின்றது. சொல்தா கடிகாரத்தைப் பார்த்தார். இன்று ஒரு நாள் அந்தச் சுற்று வேண்டாமே அஞ்சலாட்சி, ஆள்கள் நிற்கிறார்கள் என்றார். பழத்தின் மேல் ஏற்றுவதற்கு எப்படியும் ஓட்டத்தானே வேண்டும், ஒரு நிமிஷம் அண்ணே என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். பழம் நசுங்கின சத்தம் கேட்டது. பிள்ளைகள் கை தட்டின.

தெருமுனையில் வழக்கம் போல ஒரே பிடியாகப் பிடித்தாள். பிரேக் கம்பி கைக்குள் வந்தது. வண்டி நிற்கவில்லை. பாசி பிடித்த குளத்துப் படியில் கால் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. முனைக்கு அந்தப் பக்கம் கார்கள். அவள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி இழுத்தாள். செருப்பு வார் அறுந்தது. குதிகால் தேய்ந்தது. மூலையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தவளின் கூடை விளிம்பில் சக்கரம் இடித்து, அப்படியே நின்றது.

"என்னாம்மா, பூவு வேணும்னா எறங்கி வந்து கேக்க மாட்டியா?" என்றாள் பூக்காரி.

அஞ்சலாட்சி குனிந்து இரண்டு சக்கரத்தையும் பார்த்தாள். பிரேக் பிடிக்கிற வட்டத் தகடு வானவில் மாதிரிப் பளபளத்தது. விரலை வைத்தாள். வழவழவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். கன்னியப்பன் இருபது வருஷம் வீட்டுக்குக் கொண்டு வந்த வாசனை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி நடந்தாள். அந்தத் தூரத்துக்குள் அவள் மனசில் ஓடினதெல்லாம், எட்டு வண்டிக்கும் சூடம் காட்டின அந்த மனுஷனின் முகம்தான். இத்தனை காலத்துக்கு அப்புறம் ஒரு வேலையை அவன் தானே எடுத்துச் செய்திருக்கிறான். காம்பவுண்டுக்குள் வந்ததும் இரண்டாவது வண்டியைத் தள்ளிப் பிரேக் பிடித்துப் பார்த்தாள். மூன்றாவதையும் பார்த்தாள். எல்லாம் ஒரே கதை. நிமிர்ந்து, பேட்டரியில் ஏதோ கோளாறு, இப்போது வண்டி கொடுக்க முடியாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"பேட்டரில கோளாறுன்ற. எட்டுலயும் பச்ச லைட்டு எரியுதே அஞ்சலாட்சி?" என்றார் சொல்தா.

அவளுக்குப் பொய் அவ்வளவு தூரம்தான் வந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்றாள்.

"எல்லாத்துலயுமா? நேத்து வரைக்கும் புடிச்சுதே."

"நேத்து புடிச்சுது. இன்னிக்குப் புடிக்கல."

ஈரோட்டுக்காரர் முன்னால் வந்தார். "ஏனுங்க்கா, நாங்க மெதுவாத்தான் போவோமுங்க. பாப்பா ரெண்டு நாளா இதே பேச்சா இருக்குறா. பாத்துப் போய்க்கிறேன், குடுங்க."

"இல்ல சார்."

"சைக்கிள் வேகம்தானுங்க போவுது?"

சொல்தாவும் அதையேதான் சொன்னார். ஆமை மாதிரிப் போகிற வண்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு, துணியால் அழுத்தித் துடைத்துக் கொடுத்து அனுப்பு என்றார். அவர் குரலில் கோபத்தை விடப் பதற்றம்தான் அதிகம். தங்கியிருந்தவர்களுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர்தான். துடைத்தால் தகடு சுத்தமாகும், உள்ளே அதைக் கவ்வுகிற பேடு எண்ணெயைக் குடித்துவிட்டது, குடித்தது வெளியில் வராது என்றாள் அஞ்சலாட்சி. சொன்ன பிறகுதான் எண்ணெய் என்ற வார்த்தை வாயிலிருந்து போய்விட்டது உறைத்தது.

"எண்ணயா? எவன் போட்டான் எண்ண?"

அவள் தரையைப் பார்த்தாள். சூடத் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கன்னியப்பன் நடந்து வந்து அவளுக்கும் சொல்தாவுக்கும் நடுவில் நின்றான்.

"நான் போட்டேன் சார். அவளுக்குத் தெரியாது. மில்லுல எனக்கு இதான் வேல. பூசைக்கு மொத நாளு இரும்புன்னு கண்ணுல பட்டதுக்கெல்லாம் எண்ண காட்டணும். இந்தத் தகடும் இரும்பாச்சேன்னு, அதுக்குன்னு தனியா ரெண்டு தரம் தேச்சேன். வண்டிய நிறுத்துறது அதுதான்னு எனக்குத் தெரியல. கேட்டிருக்கணும். கேக்கல."

பின்னாலிருந்து ஒரு பையன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். ஈரோட்டுக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து மகள் கழுத்தடியில் ஹெல்மெட் வாரை அவிழ்த்தார். தலையிலிருந்து எடுத்து, கன்னியப்பன் கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம் அஞ்சலாட்சிக்குத் தயக்கமில்லை. இன்றைக்கு வண்டி கிடையாது, யாருக்கும் கிடையாது, முன்பணம் கொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். அறுந்த செருப்பைக் கையில் வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்துக் கீழே போட்டாள்.

சொல்தா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உன் மேல் எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் நாளைக்கு இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது, கம்பெனிக்காரனுக்குப் போன் போடப் போகிறேன், சாயங்காலத்துக்குள் இடத்தைக் காலி பண்ணிவிடு என்றார். அவள் கேட்டறை ஜன்னலைப் பார்த்தாள். எந்தப் பேட்டரிக்கும் இனிமேல் அங்கே சுவர் இல்லை.

"சரிண்ணே. சாயந்தரத்துக்குள்ள எடுத்துடறோம்" என்றாள்.

எல்லோரும் கலைந்து போன பிறகு கொட்டகையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். சுண்டல் ஆறிப் போயிருந்தது. கன்னியப்பன் கை வைக்கவில்லை.

"திட்டுடி" என்றான்.

"என்னாத்துக்கு?"

"வாயில வந்தத சொல்லு. கேட்டுக்குறேன். நாலு பேருக்கு முன்னாடி உன்ன தல குனிய வெச்சிட்டேன்."

"குனிஞ்சது நான்தான்யா. பேட்டரின்னு பொய் சொல்லிட்டு நின்னேன் பாரு, அப்பத்தான் குனிஞ்சேன். நீ வந்து நின்ன. அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியல."

"ரூம்பு போச்சே."

"போச்சுதான்."

"உனக்கு ஆசைதான அது மேல?"

"ஆசைதான். அதுக்காவ அந்தப் பொண்ண ஏத்தி அனுப்பிட்டு, ரூம்புல உக்காந்து சோறு துன்ன முடியுமா?" சுண்டல் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். "துன்னு. தேங்கா நெறையாப் போட்டிருக்கேன். கெட்டுடும்."

அவன் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றான். மென்றுகொண்டே வண்டிகளைப் பார்த்தான். சூப்பர்வைசர் பார்த்திருந்தால் முதல் தேங்காய் இங்கேதான் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மத்தியானம் கார்குழலி கம்பெனிப் பொரிப் பொட்டலத்தோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் உட்கார்ந்து பார்த்தாள். கடைசி வண்டி வந்ததும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யப்பா. ஒண்ணக்கூடவா உடல நீ?"

"எப்பிடி உடுவேன்? ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம உட்டா சாமி குத்தம்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. தகடுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாம், பேடு எல்லாம் புதுசாக மாற்ற வேண்டும், விற்கிற கடை லீவு முடிந்துதான் திறக்கும் என்றாள். குட்டி யானை வேன் பிடித்து ஏற்றிப் போகலாமென்று போன் போட்டுப் பார்த்தாள். பூசை அன்று எவன் வருவான். வண்டிக்கு மாலை போட்டு நிறுத்திவிட்டுப் படுத்திருந்தார்கள்.

"தள்ளிக்கினே போயிடலாம்" என்றான் கன்னியப்பன்.

வீடு வைத்திக்குப்பத்தை ஒட்டின சந்தில். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. பெரிய வீதி வழியாகப் பிரேக் இல்லாத வண்டியைக் கூட்டத்துக்குள் விட முடியாது. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டி விடுவதை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் நடக்கிறவர்கள் மட்டும்தான். அந்த வழிதான் சரி என்று முடிவாயிற்று. மூன்று பேர், எட்டு வண்டி. மூன்று நடை நடப்பது என்று கணக்கு.

மாலையைக் கழற்ற அஞ்சலாட்சி விடவில்லை. பூசை போட்ட அன்றே மாலையைக் கழற்றக் கூடாது. சந்தனமும் சாமந்தியும் வாழைக்கன்றுமாக முதல் வண்டியைக் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது படிக்கல்லில் சக்கரம் மாட்டியது. சொல்தா எங்கிருந்தோ வந்து, பின்பக்கத்தைத் தூக்கித் தெருவில் வைத்தார். அடுத்த இரண்டையும் அவரே தூக்கி வைத்தார்.

தெருவில் ஈரோட்டுக்காரர் குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பி நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. மனைவியிடம் என்னவோ சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னும் எத்தனை வண்டிங்க உள்ள நிக்குது?"

"அஞ்சு நிக்குது சார். நாங்க வந்து எடுத்துக்குவோம்."

"நான் ஒண்ணு தள்றேனுங்க. எப்படியும் நாங்க கடக்கரைக்குத்தான் போறோம்." உள்ளே போய் நாலாவது வண்டியோடு வந்தார். "காத்தால நான் கேட்டதுக்கு நீங்க குடுத்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து, மகளைப் பார்த்து, முடிக்காமல் விட்டுவிட்டார். காலையில் சிரித்த பையனும் தன் சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு வந்து ஆளுக்கு ஒரு வண்டியைப் பிடித்தான். மீதி இரண்டும் உள்ளே நின்றன.

கடற்கரைச் சாலை முகப்பில் தடுப்புப் போட்டிருந்தார்கள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"ஆறு மணிக்கு மேல வண்டி உள்ள வரக் கூடாதும்மா. தெரியாதா?"

"வண்டி வரல சார். நாங்கதான் நடந்து வரோம்" என்றாள் அஞ்சலாட்சி.

அவர் வரிசையைப் பார்த்தார். மாலை போட்ட ஆறு வண்டி. ஒன்றிலும் ஆள் இல்லை. ஏன் தள்ளுகிறீர்கள், சார்ஜ் இல்லையா என்றார். சார்ஜ் நிறைய இருக்கிறது, பிரேக்தான் இல்லை, பிரேக் இல்லாத வண்டியை நாங்கள் ஓட்ட மாட்டோம் என்றாள். அவர் தடுப்பை ஒரு பக்கம் நகர்த்திவிட்டார்.

லீவுக் கூட்டம் சாலை முழுக்க நிறைந்திருந்தது. ஒரு பக்கம் அலை பாறையில் அறைந்து சாரல் அடித்தது. மறு பக்கம் விளக்கெல்லாம் எரிய ஆரம்பித்திருந்தது. எந்த வண்டியும் வராத சாலையில் ஆறு வண்டி வரிசையாக, சத்தமில்லாமல், ஆள் நடக்கிற வேகத்தில் வருவதைப் பார்த்துக் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. என்ன சாமி ஊர்வலம் என்று ஒரு கிழவர் கேட்டார். சுண்டல் விற்கிறவன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓரம் போனான். போன்கள் உயர்ந்தன. அஞ்சலாட்சி முதலில் தலையைக் குனிந்துதான் வந்தாள். காந்தி சிலை வருவதற்குள் நிமிர்ந்துவிட்டாள். குதிகால் எரிந்தது. எரியட்டும் என்று நடந்தாள்.

சிலைக்குப் பக்கத்துத் திட்டில் கன்னியப்பனோடு மில்லில் வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலமானால் அங்கே வந்து உட்காருகிற கூட்டம். மில் மூடினதிலிருந்து கன்னியப்பன் அந்தப் பக்கம் போனதில்லை. நாராயணசாமி என்கிறவர்தான் முதலில் பார்த்தார்.

"அடேய், ஆயிலரு. என்னாடா இது, யாரு வண்டி, இப்பிடி நெத்தில சந்தனத்த வெச்சிக்கினு தள்ளிக்கினு போற?"

கன்னியப்பன் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டான்.

"எங்க வண்டிதான். வாடகைக்கு உடறோம். நேத்து பூசைக்குத் தொடச்சேனா, பிரேக் தகடுன்னு தெரியாம அதுக்கும் எண்ணய போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"பிரேக்குக்கு."

"பிரேக்குக்கு எண்ணயா?"

"ஒண்ணுக்கு இல்ல. எட்டுக்கும். ரெண்டு தரம் தேச்சேன்."

திட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நாராயணசாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னியப்பனும் சிரித்தான். அப்புறம் நாராயணசாமி கேட்டார், யாருக்காவது அடிபட்டதா என்று.

"இல்ல. என் ஊட்டுக்காரி ஓட்டிப் பாக்காம ஒரு வண்டிய வெளிய அனுப்ப மாட்டா. அவ ஓட்டிப் பாத்தா, நிக்கல. ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன்னுட்டா. சொல்தா எடத்தையே காலி பண்ணச் சொன்னாரு. சரின்னு சொல்லிட்டு வந்துட்டா."

நாராயணசாமி அஞ்சலாட்சியைத் திரும்பிப் பார்த்தார். திட்டிலிருந்து இறங்கினார். மீதி வண்டி எங்கே நிற்கிறது என்று விசாரித்து, இன்னொருத்தரை இழுத்துக்கொண்டு வந்த வழியே போனார். திட்டில் இருந்த மற்றவர்கள் பையன்களை விலகச் சொல்லிவிட்டுத் தாங்கள் கைப்பிடியைப் பிடித்தார்கள். எல்லோருக்கும் வயசாகியிருந்தது. ஆனால் கனமான எதையோ தள்ளிக்கொண்டு நடக்க அந்த உடம்புகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் இரண்டு வண்டியும் வந்து சேர்ந்துகொண்டன.

கலங்கரை விளக்கம், தலைமைச் செயலகம் என்று ஒவ்வொரு இடமாகத் தாண்டினார்கள். வழியில் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கன்னியப்பன் சொல்லிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு தரமும் கதை கொஞ்சம் நீண்டது, குரல் கொஞ்சம் உயர்ந்தது. மூன்றாவது தரத்தில் பூக்கூடை வந்து சேர்ந்தது. அடுத்த தரத்தில் அஞ்சலாட்சி காருக்கு முன்னால் காலை ஊன்றி வண்டியை நிறுத்தியே விட்டாள். கார் அவ்வளவு பக்கத்தில் இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். கார்குழலி, விடும்மா, நன்றாக இருக்கிறது என்று தடுத்துவிட்டாள்.

சாலை முடிகிற இடத்தில், குப்பத்துப் படகுகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இளசாக ஒரு கணவன் மனைவி ஓடி வந்து அஞ்சலாட்சியை நிறுத்தினார்கள். வண்டி வாடகைக்கா, நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

"நாளைக்குக் கெடையாதும்மா. புது பேடு வரணும், மாத்தணும், நான் ஓட்டிப் பாக்கணும். அப்பறம்தான்."

"அப்ப ரெண்டு நாள் கழிச்சு வரோம்க்கா. எங்க வரணும்? கடை எங்க இருக்கு?"

கடை என்று இனி ஒன்று இல்லை. சந்துக்குப் பேர்ப் பலகை கூட இல்லை. பின்னாலிருந்து கன்னியப்பனின் குரல் கேட்டது.

"வைத்திக்குப்பத்துக்கு வந்து, பிரேக்குக்கு எண்ண போட்டவன் ஊடு எதுன்னு யார வேணா கேளுங்க. கொண்டாந்து உட்டுட்டுப் போவாங்க."